பறவைகளுக்கும் ஒரு துறைமுகம் வேண்டும்

ஜார்ஜ் டவுனில் ‘பீச் ஸ்திரீட்’ என்று ஒரு சாலை இருக்கிறது. மலாய் மொழியில் லெபோ பந்தாய். இரண்டுக்கும் பொருள் கடற்கரைச் சாலை என்பதுதான். ஆனால் அங்கே போய் நின்றால் கடல் தெரியாது. வங்கிக் கட்டடங்கள்தாம் தெரியும். ஒரு காலத்தில் அலை அந்தச் சாலையோரம் வரை வந்தது. 1880களில் கடலைத் தூர்த்து ‘வெல்ட் கீ’ படகுத்துறையை அமைத்தபோது கரை கிழக்கே நகர்ந்துவிட்டது. பெயர் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

துறைமுக நகரங்கள் இப்படித்தான் வளர்கின்றன. அதைக் குறை சொல்வது என் நோக்கமன்று. பினாங்குத் துறைமுகம் இல்லாமல் இருந்திருந்தால் நம்மில் பலருடைய கொள்ளுத் தாத்தா இங்கே வந்து இறங்கியிருக்கவே மாட்டார். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் கேட்க விரும்புகிறேன். கரையோரச் சேற்றை நிலமாக்கத் திட்டமிடும்போது, அந்தச் சேற்றில் ஏற்கெனவே வேறொரு துறைமுகம் இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று நாம் பார்க்கிறோமா?

எதிர்க்கரையில் ஒரு துறைமுகம்

ஃபெரியில் ஏறி பட்டர்வொர்த்தில் இறங்குங்கள். அங்கிருந்து வடக்கே போனால் தெலுக் ஆயர் தாவாரில் தொடங்கி, கெடா எல்லையான மூடா ஆற்றின் முகத்துவாரம் வரை ஒரு கடற்கரை நீள்கிறது. மணல் அதிகம் இல்லை. குளிக்க ஏற்ற இடமும் அன்று. கரையில் அலையாத்தி மரங்கள். கடல் வற்றும்போது அவற்றுக்கு அப்பால் பரந்த சேற்றுவெளி. சுற்றுலாப் பயணி யாரும் படம் எடுத்துப் போடாத இடம்.

ஆனால் பறவைகளைக் காக்கும் உலக அமைப்பான பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் இந்தக் கடற்கரையை ‘முக்கியப் பறவைப் பகுதி’ என்று பட்டியலிட்டிருக்கிறது. செப்டம்பர் தொடங்கி ஏப்ரல் வரை இங்கே வரும் விருந்தாளிகளைப் பார்த்தால் காரணம் விளங்கும். ரஷ்யாவின் தூரக் கிழக்குக் கரையோரம் கூடு கட்டும் நார்ட்மன் பச்சைக்காலி வருகிறது. உலகில் மிகக் குறைவான எண்ணிக்கையில் எஞ்சியுள்ள கரையோரப் பறவைகளில் அதுவும் ஒன்று. சைபீரிய மலைகளில் முட்டையிடும் ‘கிரேட் நாட்’ என்ற பெரிய உள்ளான் வருகிறது. அரிவாள்போல் வளைந்த மிக நீண்ட அலகுடைய தூரக் கிழக்குக் கர்லூவும் வருகிறது. இந்த மூன்றும் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ‘அழியும் ஆபத்தில் உள்ளவை’ என்ற பிரிவில் இருப்பவை.

சேற்றில் அவற்றுக்கு என்ன வேலை? சாப்பாடுதான். சேற்றுக்குள் புழு, சிப்பி, நண்டு, இறால் குஞ்சு எல்லாம் கோடிக்கணக்கில் உண்டு. ஒவ்வொரு பறவையின் அலகும் ஒவ்வொரு நீளம். குட்டை அலகுள்ளது மேற்பரப்பில் கொத்தும். நீள அலகுள்ளது ஆழத்தில் துழாவும். அதனால் ஒரே சேற்றில் பல இனங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று இரை தேட முடிகிறது. நீர் ஏறியதும் சேறு மூழ்கிவிடும். அப்போது அவை அருகில் உள்ள மேடான இடங்களிலோ, குட்டைகளிலோ கூட்டமாக ஒதுங்கி நிற்கும். நீர் வற்றியதும் மறுபடியும் இறங்கும். ஆகவே இரை தேடும் சேறும் ஒதுங்கி நிற்கும் மேடும் சேர்ந்ததுதான் அவற்றின் வாழிடம். ஒன்றைக் காத்து மற்றொன்றை விட்டுவிட்டால் பயனில்லை.

வழியில் நிறுத்தம் இல்லாத பயணம்

2022 அக்டோபரில் அறிவியலாளர்கள் ஒரு பட்டைவால் மூக்கனின் முதுகில் பொருத்தியிருந்த சிறிய கருவி, நம்ப முடியாத ஒரு பயணத்தைப் பதிவு செய்தது. பிறந்து ஐந்து மாதமே ஆன அந்தப் பறவை அலாஸ்காவிலிருந்து கிளம்பி, எங்கும் இறங்காமல், 11 நாளில் சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்து ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் இறங்கியது. இதே இனத்தின் வேறு கூட்டங்கள் நம் கரைக்கும் வருகின்றன.

இவ்வளவு தூரம் பறக்கும் முன் அந்தப் பறவை உடலில் ஏராளமான கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. கிளம்பும் நேரத்தில் அதன் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்புதான். சுமையைக் குறைக்க இரைப்பை, குடல் போன்ற உறுப்புகள் சுருங்கிவிடுகின்றன. வழியில் இளைப்பாறவும் முடியாது, ஏனென்றால் பெரும்பாலான கரையோரப் பறவைகள் கடல்மேல் இறங்கி மிதந்துகொண்டு தங்கக்கூடியவை அல்ல. எனவே எங்கே எண்ணெய் நிரப்புவது, அடுத்து எங்கே இறங்குவது என்பது அவற்றுக்கு உயிர்ப் பிரச்சினை.

இதை நம் குடும்பக் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ‘ரஜூலா’ என்ற கப்பல் சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைத்தது. நாகப்பட்டினத்தில் துறை மூடியிருந்தால் பினாங்கில் எவ்வளவு நல்ல துறை இருந்து என்ன பயன்? பினாங்கில் இடமில்லை என்றால் நாகப்பட்டினத்தில் ஏறியவர் கதி என்ன? ஒரு வழித்தடத்தில் உள்ள துறைகள் எல்லாம் ஒன்றை ஒன்று நம்பித்தான் இருக்கின்றன. பறவைகளின் வழித்தடமும் அப்படித்தான்.

நம் கரை அமைந்திருப்பது ‘கிழக்கு ஆசிய–ஆஸ்திரேலிய வலசைப் பாதை’யில். அலாஸ்காவும் ரஷ்யத் தூரக் கிழக்கும் அதன் ஒரு முனை. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மறு முனை. நடுவே மொத்தம் 22 நாடுகள். ஆண்டுதோறும் 5 கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் இந்தப் பாதையைப் பயன்படுத்துகின்றன.

ஒரு சுவர், 90,000 பறவைகள்

“இங்கே சேறு போனால் பறவைகள் வேறு இடத்துக்குப் போய்விடும்” என்று பலர் சொல்வார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். இது உண்மையா என்பதை ஒரு நாடு, தான் விரும்பாமலேயே, சோதித்துப் பார்த்துவிட்டது.

தென் கொரியாவின் மேற்குக் கரையில் சேமங்கம் என்ற இடம் உள்ளது. இரண்டு ஆறுகள் மஞ்சள் கடலில் கலக்கும் பரந்த சேற்றுவெளி அது. 2006 ஏப்ரலில் அங்கே சுமார் 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் முழுவதும் இணைக்கப்பட்டு, ஓதநீர் வருவது தடுக்கப்பட்டது. கொரியப் பறவை ஆர்வலர்களும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து 2006 முதல் 2008 வரை அங்கே பறவைகளை எண்ணினார்கள். பெரிய உள்ளான் மட்டும் சுமார் 90,000 குறைந்து போயிருந்தது. பக்கத்து முகத்துவாரங்களில் அந்த அளவுக்கு எண்ணிக்கை கூடவில்லை. அப்படியானால் அவை எங்கே போயின? அவை வெயில்காலத்தைக் கழிக்கும் ஆஸ்திரேலியாவில் எண்ணிப் பார்த்தபோது அங்கும் குறைவுதான். அவை வேறு இடத்துக்குப் போகவில்லை, இறந்துவிட்டன.

இதை உறுதிப்படுத்திய இன்னோர் ஆய்வும் உண்டு. ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் உள்ள ரோபக் விரிகுடாவில் பறவைகளின் காலில் வண்ண வளையங்கள் மாட்டி, ஆண்டுதோறும் அவற்றைத் தேடினார்கள். எந்தப் பருவத்தில் எத்தனை பறவை உயிரோடு மீள்கிறது என்று கணக்கிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மாதங்களில் பெரிய சிக்கல் இல்லை. வடக்கே போய்த் திரும்பும் மாதங்களில்தான் அதிகம் இறந்தன. அதுவும் ஒரே நேரத்தில் மூன்று இனங்களில். அந்த மூன்றுக்கும் பொதுவாக இருந்த நிறுத்தம் மஞ்சள் கடல். அங்கே 50 ஆண்டுகளில் சேற்றுவெளி 65 விழுக்காடு வரை குறைந்திருக்கலாம் என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியிருந்தது. இந்த முடிவுகள் 2016இல் வெளியாயின.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் மட்டும் எண்ணியிருந்தால் “எண்ணிக்கை குறைகிறது, காரணம் தெரியவில்லை” என்று முடிந்திருக்கும். கொரியாவில் மட்டும் எண்ணியிருந்தால் “எங்கோ இடம் மாறிவிட்டன” என்று முடிந்திருக்கும். இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. வட்டாரக் கூட்டுறவு என்றால் மாநாட்டில் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வது என்று நினைக்காதீர்கள். ஒருவருடைய கணக்குப் புத்தகத்தை மற்றவருக்குத் திறந்து காட்டுவதுதான் கூட்டுறவு.

பகை நாடுகளும் சேரும் மேசை

இந்தப் பாதைக்கென 2006 நவம்பரில் இந்தோனேசியாவின் போகோரில் ஒரு கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. அதன் செயலகம் தென் கொரியாவின் இஞ்சோனில் உள்ளது. மலேசியாவும் அதில் பங்காளி. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஜப்பான், தென் கொரியா எல்லாம் உறுப்பினர்கள். 2018இல் வட கொரியாவும் சேர்ந்தது. மற்ற எந்த மேசையிலும் சேர்ந்து உட்கார யோசிக்கும் நாடுகள், உள்ளானுக்காக உட்காருகின்றன. நியூசிலாந்தைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் வட கொரியக் கடற்கரைக்கே சென்று அந்நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து பறவைகளை எண்ணியிருக்கிறார்கள்.

பலனும் கிடைத்திருக்கிறது. வணிக நோக்கில் கடலைத் தூர்ப்பதற்கு சீனா 2018 ஜனவரியில் கடும் கட்டுப்பாடு அறிவித்தது. 2019இல் அந்நாட்டின் மஞ்சள் கடல் சேற்றுவெளிகளின் ஒரு பகுதி யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. 2024இல் அது விரிவாக்கப்பட்டது. 2021இல் தென் கொரியாவின் சேற்றுவெளிகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. சேற்றை வீண்நிலம் என்று கருதிய நாடுகளே அதை மரபுச் செல்வம் என்று அறிவித்திருக்கின்றன.

ஆனால் இந்தக் கூட்டமைப்பின் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது தன்விருப்பத்தில் சேர்ந்த அமைப்பு. யாரையும் கட்டாயப்படுத்தவோ தண்டிக்கவோ அதற்கு அதிகாரம் இல்லை. ‘முக்கியப் பறவைப் பகுதி’ என்ற பட்டமும் அப்படித்தான். அது ஓர் அறிவியல் அடையாளம். அந்தப் பட்டம் மட்டும் ஒரு புல்டோசரையும் நிறுத்தாது. பட்டியலில் பெயர் இருப்பது வேறு, சட்டத்தில் பாதுகாப்பு இருப்பது வேறு.

நம் வீட்டுக்குள் உள்ள இடைவெளி

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் பறவையைக் காப்பது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அது கூட்டரசுச் சட்டம். அனைத்துலகக் கூட்டமைப்புகளில் சேர்வதும் கூட்டரசு அரசாங்கம்தான். ஆனால் கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் வருகிறது. அதாவது பறவை ஒருவர் பொறுப்பில். அது நிற்கும் நிலம் மற்றொருவர் பொறுப்பில். பறவையைச் சுட்டால் குற்றம். அது இரை தேடும் சேற்றை முறையான அனுமதியோடு தூர்த்தால் வளர்ச்சி. இரண்டிலும் பறவைக்கு முடிவு ஒன்றுதான்.

எனவே 22 நாடுகளுக்கிடையே உள்ள கூட்டுறவைப் பற்றிப் பேசும் முன், புத்ராஜெயாவுக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையே உள்ள கூட்டுறவைப் பற்றிப் பேச வேண்டும். என் கருத்து இதுதான்: தெலுக் ஆயர் தாவார்–கோலா மூடா கடற்கரையின் சேறு, அலையாத்தி, பறவைகள் ஒதுங்கும் மேடு மூன்றையும் ஒரே அலகாகக் கருதி, அது முழுவதற்கும் நிலையான சட்டப் பாதுகாப்பைப் பினாங்கு மாநிலம் தர வேண்டும். ஆட்சி மாறினாலும் மாறாத பாதுகாப்பாக அது இருக்க வேண்டும். கரையோரத் திட்டம் எதற்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும்போது, “இந்த இடத்தில் என்ன ஆகும்” என்பதோடு நிறுத்தாமல், “இந்த வலசைப் பாதைக்கு என்ன ஆகும்” என்றும் கேட்க வேண்டும்.

“பினாங்கு சிறிய மாநிலம். வீடு வேண்டும், வேலை வேண்டும். பறவைக்காக வளர்ச்சியை நிறுத்துவதா?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் அலட்சியப்படுத்தவில்லை. 2023இல் தீவின் தெற்கே செயற்கைத் தீவு அமைக்கக் கடலைத் தூர்க்கும் பணி தொடங்கியதும் நாம் அறிந்ததே. அதை ஆதரிப்பவரும் உண்டு, எதிர்ப்பவரும் உண்டு. நான் சொல்வது இவ்வளவுதான்: எல்லாக் கரையையும் தொடக்கூடாது என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் தொடக்கூடாத கரை எது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். ஒவ்வொரு திட்டமும் வரும்போது மறுபடியும் மறுபடியும் வாதாடிக்கொண்டிருந்தால், சேறு என்றாவது ஒருநாள் தோற்றே தீரும். பத்து முறை வென்றாலும் பதினொன்றாவது முறை தோற்றால் போதும். தூர்த்த கடலைத் திரும்பத் தோண்டி எடுக்க யாரும் வரமாட்டார்கள்.

நெருக்கமான நகரத்தில் சேறு பிழைக்காது என்றும் நினைக்க வேண்டாம். தோக்கியோ விரிகுடாவில் யாட்சு ஹிகாத்தா என்ற சேற்றுவெளி இருக்கிறது. சுற்றிலும் கடல் தூர்க்கப்பட்டு வீடும் சாலையும் வந்த பிறகு எஞ்சியது சுமார் 40 ஹெக்டேர். இரண்டு கால்வாய்கள் வழியாகத்தான் கடல்நீர் உள்ளே வருகிறது. அந்தச் சிறு துண்டை ஜப்பான் 1993இல் ராம்சர் சதுப்பு நிலமாக அறிவித்தது. 1998இல் அது அமைந்துள்ள நராஷினோ நகரமும் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரமும் தத்தம் சதுப்பு நிலங்களைச் சகோதர நிலங்களாக ஏற்றன. இரண்டு நகரங்கள், ஒரே பறவைகள். பினாங்கும் இப்படி ஒரு சகோதர நிலத்தைத் தேடிக்கொள்ள என்ன தடை?

மீனவர் இல்லாமல் முடியாது

மூடா ஆற்று முகத்துவாரத்தில் ‘பாசார் பீசிக்’ என்ற மீன் சந்தை பிரபலம். அங்கே ஏலம் சத்தமாக நடக்காது. வாங்குபவர் விலையை விற்பவர் காதில் கிசுகிசுப்பார். அந்தச் சந்தைக்கு வரும் மீனும் இறாலும் நண்டும் வளர்வதற்கு இதே சேறும் இதே அலையாத்தியும் தேவை. பறவைக்கு நல்லது மீனவருக்கும் நல்லது என்று சொல்வது எளிது. ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் “இங்கே வராதே” என்று அவரை விரட்டினால், அவர் ஏன் நம்மோடு நிற்பார்?

மியன்மாரின் மொத்தமா வளைகுடா இதற்கு நல்ல பாடம். உலகில் சில நூறு மட்டுமே எஞ்சியுள்ள கரண்டி அலகு உள்ளான் குளிர்காலத்தில் அங்கே தங்குகிறது. ஏழைக் கிராமத்தினர் வலைவைத்துக் கரையோரப் பறவைகளைப் பிடித்து வந்தார்கள். அவர்களைக் குற்றவாளிகளாக்காமல், மீன்பிடிக்கவும் வேறு தொழில் செய்யவும் தேவையான உதவியைப் பாதுகாப்பு அமைப்புகள் கொடுத்தன. பிடிப்பவரே காவலரானார். 2017இல் அந்த வளைகுடா ராம்சர் சதுப்பு நிலமாக அறிவிக்கப்பட்டது. கூட்டமைப்பின் மேசையில் அமைச்சருக்கு ஒரு நாற்காலி இருந்தால் மீனவருக்கும் ஒரு நாற்காலி இருக்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

படிவம் மூன்றிலோ நான்கிலோ படிக்கும் உங்களால் அரசிதழில் அறிவிப்பு வெளியிட முடியாது. ஆனால் எண்ண முடியும். 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடக்கிறது. அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். 1940இல் தொடங்கப்பட்ட மலேசிய இயற்கைக் கழகத்துக்குப் பினாங்கில் கிளை உண்டு. உங்கள் பள்ளி அறிவியல் கழக ஆசிரியர் அவர்களைத் தொடர்புகொள்ளலாம்.

ஒரு தொலைநோக்கி கையில் கிடைத்தால் பறவைகளின் காலைப் பாருங்கள். சிலவற்றின் காலில் சிறிய வண்ணக் கொடி மாட்டியிருக்கும். மஞ்சள் என்றால் ஆஸ்திரேலியாவின் வடமேற்கு. ஆரஞ்சு என்றால் விக்டோரியா. பச்சை என்றால் குவீன்ஸ்லாந்து. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்திருந்தால் ஷாங்ஹாய் அருகே உள்ள சோங்மிங் தீவு. எந்த நிறம், எந்தக் கால், எந்த நாள், எந்த இடம் என்று குறித்து அனுப்பினால், அந்தக் கொடியை மாட்டிய ஆய்வாளருக்கு அது அரிய செய்தி. மஞ்சள் கடலின் உண்மை இப்படிப்பட்ட சிறு குறிப்புகளைச் சேர்த்துத்தான் வெளிவந்தது. கரைக்குப் போகும்போது பெரியவர் துணையோடு போங்கள், சேற்றில் இறங்காதீர்கள், நீர் ஏறும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஒதுங்கி நிற்கும் கூட்டத்தைப் பறக்க வைக்காதீர்கள். நீங்கள் எடுக்கும் ஒரு படத்துக்காக அவை செலவழிக்கும் கொழுப்பு, அடுத்த பயணத்துக்காகச் சேர்த்தது.

இன்னொன்றும் செய்யலாம். கரையோரத் திட்டம் எதைப் பற்றியாவது நாளிதழில் படித்தால், “அங்கே நீர் வற்றும்போது என்ன தெரிகிறது?” என்று கேளுங்கள். வீட்டில் கேளுங்கள், வகுப்பில் கேளுங்கள், வாக்களிக்கும் வயது வந்ததும் வேட்பாளரிடம் கேளுங்கள். பீச் ஸ்திரீட்டில் கடல் இருந்தபோது அங்கே எந்தெந்தப் பறவைகள் வந்தன என்று நமக்குச் சொல்ல இன்று யாரும் இல்லை. தெலுக் ஆயர் தாவாரில் இப்போது எவை வருகின்றன என்பதை எழுதிவைக்க நீங்கள் இருக்கிறீர்கள். வரும் ஜனவரியில் தொடங்குங்கள்.